காற்றை எடுத்துவிட்டால் கறி கெடாதா?
(கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



கறியைக் கவரில் போட்டுக் காற்றை உறிஞ்சி ஒட்டுகிற அந்தச் சின்ன எந்திரத்தைப் பற்றி மட்டும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நாலைந்து குழுவில் அதை வாங்கிவிட்டோம். ஆனால் ஆளுக்கு ஒரு விதமாகப் பயன்படுத்துகிறோம். அதில் ஒன்றிரண்டு பழக்கம் எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் ஒத்துக்கொண்டேன்.

கூறு கறி நமக்குப் புதுசு இல்லை. தீபாவளிக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் நாலு வீடு சேர்ந்து ஒரு கிடாயைப் பிடித்து, வெட்டி, கூறு போட்டு எடுத்துக்கொள்வதுதானே. கடையில் கிலோ கிலோவாக வாங்குவதைவிடக் கட்டுப்படியாகும். ஈரல், குடல், தலை, கால் என்று எல்லாம் வரும். சிக்கல் என்னவென்றால், ஒரே நாளில் மூன்று நான்கு கிலோ வீட்டுக்குள் வந்து நிற்கும். கெட்டுவிடுமே என்று அன்றைக்கே எல்லாவற்றையும் ஆக்கி இறக்குவோம். எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் நாம் உட்காரும்போது சட்டியில் குழம்புதான் இருக்கும். அரைக் கிலோ, கால் கிலோவாகப் பிரித்து வைத்தால் நடுவாரத்திலும் ஒரு நாள் கறி ஆக்கலாம், நமக்கும் நாலு துண்டு கிடைக்கும். தமிழ்நாட்டில் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அந்த நாலு துண்டு சின்ன விஷயம் இல்லை.

நம் பாட்டிமார் உப்புக்கண்டம் போட்டார்கள். உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து, வெயிலில் காயப்போட்டுக் கறியில் இருந்த தண்ணீரையே எடுத்துவிட்டார்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் கிருமி வளராது. அதனால் அது பானையில் கிடந்தாலும் தாங்கியது. நம் எந்திரம் தண்ணீரை எடுப்பதில்லை, காற்றை மட்டும் எடுக்கிறது. ஃப்ரீசரில் கறி வெளுத்து, மேலெல்லாம் நாராகக் காய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. கெடாமல் காப்பது குளிர்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், காற்று இல்லாத இடத்தில்தான் வளருவேன் என்று அடம்பிடிக்கிற கிருமியும் இருக்கிறது. அதனால் வரும் நோய்க்கு போட்டுலிசம் என்று பெயர். நாம் அடுப்பில் வைக்கிற கொதியில் அதன் வித்து சாகாது. கவருக்குள் சூடு கிடைத்தால் முளைத்து விஷத்தைக் கக்கும். நாற்றம் வராமலும் இருக்கலாம். சாப்பிட்டவருக்குப் பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சே நின்றுபோகலாம். போன கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டார்கள்: “சுக்கா வறுத்து, காற்றை எடுத்து ஒட்டி, மகனுக்கு ராத்திரி பஸ்ஸில் குடுத்து விடலாமாம்மா?” வேண்டாம் அக்கா. ஊறுகாய், பொடி குடுத்து விடுங்கள். கறியை அவன் வரும்போது ஆக்கிப் போடுங்கள். கீழ்த் தட்டில் வைக்கிற கவரும் அப்படித்தான். ஒட்டாத பச்சைக் கறிக்கு என்ன கெடுவோ, ஒட்டினதுக்கும் அதேதான், ஒன்றிரண்டு நாள்.

இனி செய்கிற முறை. வெட்டின சூட்டோடு ஃப்ரீசரில் திணிக்காதீர்கள். சதை விறைத்துத் தளரும் முன்னே உறைந்துவிட்டால், எத்தனை விசில் வைத்தாலும் ரப்பர்தான். மூடிய பாத்திரத்தில் ஒரு ராத்திரி கீழ்த் தட்டில் வையுங்கள். மறுநாள் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் மேல்பக்கம் இறுகும். அதற்குப் பிறகு கவரில் போடுங்கள். ஈரக் கறியை அப்படியே வைத்தால் எந்திரம் காற்றோடு ரத்தத் தண்ணியையும் இழுக்கும், வாயும் ஒட்டாது. கவரின் வாயை வெளிப்பக்கம் மடித்துக்கொண்டு கறியைப் போட்டால் ஒட்டுகிற இடத்தில் கொழுப்பு படாது. எலும்பு முனை கவரைக் குத்தும், அந்த முனையில் கவர்த் துண்டு ஒன்றை மடித்து வையுங்கள். எந்திரத்தோடு வருகிற வரிவரியான கவர்தான் வேண்டும், சாதாரணக் கவரில் காற்று வெளியே வராது. கறி வைத்த கவரைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தவே கூடாது, விலை அதிகம்தான், இருந்தாலும்.

தட்டையாகப் பரப்பி ஒட்டினால் சீக்கிரம் உறையும். தேதியும் பெயரும் கவர்மேல் எழுதுங்கள். ஈரல், குடலை முதலில் தீர்த்துவிடுங்கள்.

ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் மேலே இருக்கிற சின்னப் பெட்டி பல வீட்டில் அந்த அளவுக்குப் போகாது. ஐஸ்கிரீம் வைத்துப் பாருங்கள். கல்லாக இறுகாமல் கொழகொழ என்றிருந்தால், அதில் மாதக்கணக்கில் கறி வைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு ஒரு வாரத்துக்குள் முடியுங்கள்.

கரண்டு போனால் கதவைத் திறக்காதீர்கள். ஊருக்குப் போகும்போது இன்னொன்று செய்யுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு ரூபாய்க் காசு வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். கவர் புதுசு மாதிரி இருக்கும், நம்பாதீர்கள். மனசு வராது, ஆனாலும் கொட்டித்தான் ஆகவேண்டும்.

ஆக்குவதற்கு முந்தின ராத்திரி கவரைக் கீழ்த் தட்டுக்கு மாற்றுங்கள். அவசரம் என்றால் கவரோடு குளிர்ந்த தண்ணீரில் போட்டு, அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றி, இளகினவுடனே அடுப்பில் ஏற்றுங்கள். காலையில் மேடையில் எடுத்து வைத்துவிட்டு நூறு நாள் வேலைக்குப் போய்வருவது ஆகாது. மீன் என்றால் இளக வைக்கும் முன்பே கவரைக் கிழித்துவிடுங்கள்.

எங்கள் குழுவில் எந்திரத்தைப் பொதுப் பணத்தில் வாங்கினோம். ஆளுக்கு ஒன்று தேவையில்லை, மாதத்தில் இரண்டு நாள்தான் வேலை. கவர் ரோலை அளந்து வெட்டி, எடுத்தவர் பெயரில் நோட்டில் எழுதி, கூட்டத்தன்று சேமிப்போடு வசூலிக்கிறோம். இதையே பேக் பண்ணி விற்கலாமா என்று இரண்டு குழு கேட்டிருக்கிறது. அதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், பெரிய ஃப்ரீசரும் வேண்டும். அதை அடுத்த மாதக் கூட்டத்தில் தனியாகப் பேசுவோம். எந்திரத்தை இன்றைக்கு எடுத்து வந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு பின்பக்கத் திண்ணைக்கு வாருங்கள், ஒரு கிலோ கறியை வைத்துச் செய்து காட்டுகிறேன்.