முன்னேற்றப் பட்டையின் தர்மம்

கணினியின் கட்டளைத் திரையில் ஓர் ஆணையைத் தட்டிவிட்டு, பெரியதொரு கோப்பு வந்து இறங்கும் வரையில் காத்திருப்பவர்க்கு, காரியம் நடக்கிறதா, நின்றுவிட்டதா என்ற சந்தேகத்தைத் தீர்த்து வைப்பது, இடமிருந்து வலமாக வளர்ந்துகொண்டே போகும் ஒற்றை வரிதான். சதவீதம் காட்டும் இத்தகைய குறிகளைப் பயனாளர்கள் விரும்புகிறார்கள் என்பதைப் பிராட் மையர்ஸ் என்ற ஆய்வாளர் 1985-இலேயே எடுத்துக்காட்டினார். முன்னேற்றப் பட்டை எனப்படும் அந்த வரியை அமைப்பதில் ஒரு கலையும், அக்கலைக்குரிய தர்மமும் உண்டென்பது என் அபிப்பிராயம்.

கலையின் சூட்சுமம் ஒரே ஒரு குறியில் அடங்கியிருக்கிறது. ஆஸ்கி என்னும் எழுத்துக்குறி அட்டவணையில் 13-ஆம் எண்ணுடைய ‘கேரியேஜ் ரிட்டர்ன்’, டெலிடைப் இயந்திரத்தின் அச்சுத் தலையை இடது ஓரத்துக்குத் திருப்பிய கட்டளை. கர்சரை அடுத்த வரிக்கு இறக்காமல், அதே வரியின் தொடக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவது. காகிதத்தில் எழுத்தின்மேல் எழுத்து விழுந்து தெளிவின்றிப் போனது, திரை முனையங்கள் வந்தபின், பழையது மறைந்து புதியது அமர்வதாக மாறவே, 41 சதவீதம் நின்ற இடத்திலேயே 42 தோன்றுவது சாத்தியமாயிற்று.

ஆனால் சிரத்தையின்றிச் செய்தால் இதுவே விகாரமாகும். ‘100 நொடி’ என்ற இடத்தில் ‘99 நொடி’ என்று எழுதும்போது, மிஞ்சிய இடத்தை வெற்றிடத்தால் நிரப்பத் தவறினால், ‘99 நொடிடி’ என்று பழைய வரியின் வால் ஒட்டிக்கொண்டு நிற்கும். வரியை முடிக்காமல் எழுதுவதால் எழுத்துக்கள், பஃபர் என்னும் தற்காலிக நினைவகத்திலேயே தங்கிவிடக்கூடும். அவற்றை ஒவ்வொரு முறையும் வெளியே தள்ளுவது அவசியம். திரையின் அகலத்தைத் தாண்டிய பட்டையோ, மடிந்து மடிந்து வரிவரியாகப் பெருகித் திரையையே நிரப்பிவிடும்.

தர்மம் என்றேனே, அதன் முதல் அங்கம் சத்தியம். கோப்பின் மொத்த அளவைச் சேவையகம் தெரிவிக்காதபோது, ‘டபிள்யூகெட்’ என்னும் நிரல், சதவீதத்தைக் கைவிட்டு, இங்குமங்கும் நகரும் சிறு குறியையும் அதுவரை வந்த அளவையும் மட்டுமே காட்டுகிறது. தனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லாத அந்தப் பண்பு போற்றத்தக்கது. இரண்டாவது அங்கம் அடக்கம். பைத்தான் மொழியில் பட்டை வரைய உதவும் ‘டிக்யூடிஎம்’ என்னும் நிரலகம், வேலையின் ஒவ்வொரு சுற்றுக்கும் பட்டையை வரையாமல், வழக்கமாக 0.1 நொடியேனும் இடைவெளி விட்டே வரைகிறது. ‘கர்ல்’ நிரலோ, தரவு செல்லும் ஓடையில் கலக்காமல், பிழைச் செய்திகளுக்கென்று உள்ள தனி ஓடையிலேயே தன் முன்னேற்றத்தை எழுதுகிறது.

ஆதலின், நிரல் எழுதும் இளைஞர்கள், பட்டையை எந்த எழுத்தால் வரையலாமென்று யோசிப்பதற்கு முன்னால், எதை அளந்து காட்டப் போகிறோம் என்பதை நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். கோப்புகளை எண்ணிக்கையால் மட்டும் அளந்துவிட்டு, எல்லாவற்றிலும் பெரிய கோப்பைக் கடைசியில் வைத்திருப்பவரது பட்டை 99-க்கு விரைந்தோடி அங்கேயே நெடுநேரம் நிற்கும். பைட்டுகளால் அளப்பவரது பட்டையோ மெதுவாகச் சென்றாலும், காத்திருப்பவரின் நம்பிக்கைக்குக் கடைசிவரை பாத்திரமாக இருக்கும்.