விரல்நுனிக் குருதியும் வீட்டுச் சீனிமானியும்

வைகாசித் திங்களில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் ஆலயத்தில் நிகழும் பொங்கல், வன்னிப் பெருநிலத்தின் பெருவிழா. கடல்நீரில் விளக்கேற்றும் மரபுடைய அவ்விழாவுக்கு முல்லைத்தீவு, வவுனியா, கிளிநொச்சி ஆகிய மாவட்டங்களிலிருந்து மட்டுமன்றிக் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் அடியார்கள் வந்து கூடுவர். நந்திக்கடலோரத்து வெயிலிலே காவடியும் பாற்செம்பும் சுமந்து வருவோரிற் பலர் அன்று உணவின்றி நோன்பிருப்பர். அவர்களுள் சலரோகம் உடையோரும் உளர். காலையில் இன்சுலின் ஏற்றிக்கொண்டோ, கிளிக்கிளசைட்டு, கிளிபென்கிளமைட்டு போன்ற மாத்திரையை விழுங்கிவிட்டோ, பின்னர் உண்ணாமல் வெயிலில் நடப்பவருக்கு நண்பகலளவில் என்ன நேரும் என்பதை அவருடைய பக்தி தீர்மானிப்பதில்லை. அவர் குருதியிலுள்ள குளுக்கோசின் அளவே தீர்மானிக்கிறது. அவ்வளவை நின்ற இடத்திலேயே சில விநாடிகளில் அறிவிக்கும் சிறு கருவியொன்று இன்று பல வீடுகளில் உண்டு. ‘சீனி பார்க்கிற மெசின்’ என்று ஊரார் சொல்லும் அக்கருவி எவ்வாறு இயங்குகிறது, எங்கே அதனை நம்பலாம், எங்கே அது ஏமாற்றிவிடும் என்பவையே இப்பேச்சின் பொருள்.

சலரோகம் என்ற பெயரே பழைய சோதனை முறையைக் காட்டி நிற்கிறது. சலத்தை, அதாவது சிறுநீரை, பார்த்தே இந்நோயை அறிந்தனர் முன்னோர். பிற்காலத்தில், பாடசாலை இரசாயனக் கூடத்தில் மாணவர் கண்டிருக்கக்கூடிய பெனடிக்ற் கரைசலே மருத்துவமனைகளிலும் பயன்பட்டது. நீல நிறக் கரைசலோடு சிறுநீர்த் துளிகளைச் சேர்த்துச் சூடாக்கினால், சீனியின் அளவுக்கேற்பப் பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என மாறும். ஆயின் அம்முறையில் இரு பெருங்குறைகள் இருந்தன. குருதியில் சீனி ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டிய பின்னரே சிறுநீரில் அது வெளிப்படும். சீனி ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்திருந்தாலோ, சிறுநீர் அதுபற்றி ஒரு சொல்லும் சொல்லாது.

1965 இல் அமெரிக்காவின் ஏம்ஸ் நிறுவனம் ‘டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ்’ என்னும் கீலத்தை வெளியிட்டது. பெரிய குருதித் துளியொன்றை அதன்மேல் இட்டு, ஒரு நிமிடம் காத்திருந்து, நீரினாற் கழுவி, தோன்றிய நிறத்தை அட்டையிலுள்ள நிறங்களோடு ஒப்பிட வேண்டும். பார்ப்பவரின் கண்ணுக்கேற்ப விடை மாறியது. அந்நிறத்தை ஒளியினால் அளக்கும் மானி 1970 ஐ ஒட்டி வந்தது. ஒரு கிலோகிராமுக்கு மேல் நிறையுள்ள அது மருத்துவர்க்கென்றே செய்யப்பட்டது. ரிச்சர்ட் பேர்ண்ஸ்டீன் என்ற பொறியியலாளர், தாமே சலரோகியாக இருந்தமையால், மருத்துவராகிய தம் மனைவியின் வாயிலாக அத்தகைய மானியொன்றைப் பெற்றுத் தம் குருதியைத் தாமே நாள்தோறும் பலமுறை சோதித்தார். நோயாளி தம் வீட்டில் தாமே பார்ப்பது என்னும் வழக்கத்துக்கு வழி திறந்தவர்களுள் அவர் முதன்மையானவர். பின்னர் அவர் மருத்துவம் பயின்று மருத்துவராகவும் ஆனார்.

இன்றைய மானிகளிற் பெரும்பாலானவை நிறத்தைப் பார்ப்பதில்லை, மின்னோட்டத்தை அளக்கின்றன. நொதியத்தையும் மின்வாயையும் இணைக்கும் எண்ணத்தை 1962 இல் லீலண்ட் கிளார்க் வெளியிட்டார். வீட்டில் பயன்படுத்தத்தக்க மின்வாய் மானி 1987 இல் விற்பனைக்கு வந்தது. கீலத்தின் நுனியில் மயிர்த்துளை போன்ற ஓடையொன்று உண்டு. குருதித் துளி அதனைத் தொட்டதும் தானாகவே உள்ளே ஈர்க்கப்படுகிறது. உள்ளே காய்ந்த நிலையிலிருக்கும் நொதியம் குளுக்கோசிலிருந்து இலத்திரன்களைப் பறித்து, அருகிலுள்ள வேறொரு பொருளிடம் ஒப்படைக்கிறது. அப்பொருள் அவற்றை மின்வாய்க்குக் கடத்துகிறது. குளுக்கோசு மிகுந்திருந்தால் இலத்திரன்கள் மிகும், மின்னோட்டமும் மிகும். களத்தில் அடுக்கிய நெல்மூடைகளை எண்ணி வயலின் விளைச்சலை மதிப்பது போல, மானி இலத்திரன்களை எண்ணிக் குளுக்கோசை மதிக்கிறது. வயலை அது பார்ப்பதேயில்லை. வேறெங்கிருந்தேனும் ஒரு மூடை களத்துக்கு வந்துவிட்டால், அதனையும் சேர்த்தே எண்ணிவிடும்.

இக்கருவி கேட்கும் குருதி அரை மைக்கிரோலீற்றர் அளவே. ஒரு டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராம் சீனியுள்ள குருதியில், அத்துளிக்குள் அடங்கும் குளுக்கோசு ஒரு கிராமின் இருபது இலட்சத்தில் ஒரு பங்கு. இந்தக் கணக்கை ஒருமுறை மனத்திற் பதித்துக்கொண்டால், கை கழுவும்படி வைத்தியர் வற்புறுத்துவதன் காரணம் தானே விளங்கும். மாம்பழம் உரித்த விரல், பாலைப்பழம் தின்ற விரல், காட்டுத்தேன் தொட்ட விரல், பனங்கட்டியை உடைத்த விரல் எதுவாயினும், கண்ணுக்குத் தெரியாத பிசுபிசுப்பே 120 ஐ 250 ஆக்கப் போதும். அவ்வெண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டிக்கொள்பவரின் கதி யாது? ஆகவே சவர்க்காரமிட்டுக் கழுவி நன்கு துடைத்த பின்னரே குத்துதல் வேண்டும். ஈரமும் துளியை நீர்க்கச் செய்யும். மதுசாரப் பஞ்சினால் துடைப்பது சீனியைக் கழுவியதாகாது. நீர் கிடைக்காத இடத்தில் முதல் துளியைத் துடைத்தெறிந்து இரண்டாம் துளியைப் பயன்படுத்துவது ஓரளவு காப்பு. விரலின் நடுச்சதையிற் குத்தாது பக்கவாட்டிற் குத்தினால் நோவு குறையும். துளி வரவில்லையென்று விரலை இறுகப் பிழிவதும் நன்றன்று. கையைத் தாழத் தொங்கவிட்டுச் சற்றுப் பொறுத்தால் குருதி வரும்.

கீலத்திலுள்ள நொதியம் வெப்பத்துக்கும் ஈரக்காற்றுக்கும் அஞ்சுவது. பெரும்பாலான கீலங்களை 30 பாகை செல்சியசுக்கு மேற்படாத இடத்தில் வைக்குமாறு செய்தோர் எழுதியிருப்பர். தகரக் கூரையின் கீழ் உச்சிப் பொழுதில், அல்லது வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் பெட்டிக்குள், அவ்வளவு எளிதிற் கடக்கப்படும். அதற்காகக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் தகாது. வெளியே எடுக்கும்போது படியும் பனிநீர் கீலத்தைக் கெடுக்கும். மின்சாரமில்லா வீட்டில், ஈரமணலிட்ட மண்பானைக்குள் இன்சுலினை வைத்துக் காப்பது நல்ல வழியே. ஆயின் அதே பானைக்குள் கீலங்களையும் போட்டு வைப்பது பெரும்பிழை. கீலம் அதன் சொந்தக் குப்பியிலேயே, இறுக மூடி, நிழலான உலர்ந்த இடத்தில் இருத்தல் வேண்டும். குப்பியைத் திறந்த நாளை அதன்மேல் எழுதிவைப்பது நலம். திறந்தபின் குறித்த சில மாதங்களுக்குள் முடிக்கவேண்டிய கீலங்கள் பல.

வன்னிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் பிள்ளைகள் தாய் தந்தையருக்கு மானி வாங்கி அனுப்புகின்றனர். அன்பின் செயல்தான். ஆனால் அந்நாடுகளின் மானிகள் லீற்றருக்கு மில்லிமோல் என்ற அலகில் எண்ணைக் காட்டுவன. இலங்கைக் கிளினிக்குகளில் வழங்குவதோ டெசிலீற்றருக்கு மில்லிகிராம். முன்னதைப் பதினெட்டாற் பெருக்கினாற் பின்னது கிடைக்கும். மானி 14 என்று காட்டினால், இங்குள்ள கணக்கில் அது 252. அதனை அறியாதவர், சீனி 14 க்கு இறங்கிவிட்டதென்று அஞ்சிச் சீனித்தண்ணீரைப் பருக்கிவிடக் கூடும். 6.5 என்பதிலுள்ள புள்ளியை மங்கிய கண் தவறவிட்டால் 65 என்றாகும். உண்மையில் அது 117. அங்கு வாங்கிய மானியின் அலகைப் பெரும்பாலும் மாற்ற இயலாது. மேலும், ஒரு மானிக்கு அதற்கென்று செய்த கீலமே பொருந்தும். அக்கீலம் முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ மருந்துக் கடையில் கிடைக்குமா என்று கேட்டறியாமல் அனுப்பப்படும் மானி, முதற் குப்பி முடிந்ததும் அலுமாரிக்குள் உறங்கும். பரிசு அனுப்ப விரும்புவோர், இங்கேயே ஒரு மானி வாங்கக் காசை அனுப்புவது மேலானது.

கருவி செவ்வையாக இருந்தாலும் அதன் விடை ஓர் எல்லைக்குள் அலைவதே. 2013 இல் வகுக்கப்பட்ட சர்வதேசத் தரத்தின்படி, நூறு சோதனைகளில் தொண்ணூற்றைந்தேனும் ஆய்வுகூட அளவிலிருந்து நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் விலகலாகாது. 100 மில்லிகிராமுக்குக் குறைந்த அளவுகளில் பதினைந்து மில்லிகிராமுக்கு மேல் விலகலாகாது. எனவே உண்மையளவு 180 ஆயின், மானி 155 என்றும் சொல்லலாம், 205 என்றும் சொல்லலாம். அடுத்தடுத்து இருமுறை பார்த்து எண்கள் வேறுபடுகின்றன என்று கருவியோடு சண்டையிடுவதில் பயனில்லை. குருதிச்சோகை உடையவரிடம் மானி உண்மையினும் கூடிய எண்ணைக் காட்டும் போக்குடையது. வவுனியா முதலிய இடங்களில் சிறுநீரக நோயாளர் பலர் இருத்தலின் இது சிறு செய்தியன்று. சிறுநீரகம் தளர்ந்தவருக்குக் குருதிச்சோகையும் வரும்; இன்சுலின் உடலில் நெடுநேரம் தங்கிச் சீனி தாழவும் செய்யும். மானி கூட்டிக் காட்டும் அதே உடலிலேயே சீனி மறைவாகத் தாழ்கிறது. இத்தகையோர் தம் இலக்கு எண்ணை வைத்தியரிடம் தனியே கேட்டறிதல் வேண்டும்.

ஊசியைப் பற்றிச் சிறிது கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அயல்வீட்டார் கூடியிருக்க, ஒரே குத்துகருவியால் ஐந்து பேரின் விரலைக் குத்திச் சீனி பார்ப்பதை உதவி என்று எண்ணுவோர் உளர். ஊசியை மாற்றினாலும் கருவியின் முனையில் குருதி படிந்திருக்கலாம். ஈரலைத் தாக்கும் ஹெப்படைற்றிஸ் பீ வைரசு காய்ந்த குருதியில் ஏழு நாட்களேனும் உயிர்ப்போடிருக்க வல்லது; அமெரிக்காவின் முதியோர் இல்லங்களில் இவ்வழியே அந்நோய் பரவியமை பதிவாகியுள்ளது. கணவன் மனைவியாயினும் குத்துகருவி ஒருவருக்கு ஒன்றே. 2009 இல் முடிந்த போரில் ஒரு கையை இழந்தோர் வன்னியில் பலர். அவர்களுக்குப் பிறர்தான் குத்திவிட வேண்டும். அவ்வாறு உதவுபவர் தம் கையையும் கழுவி, கையுறை இருப்பின் அணிந்து, நோயாளியின் சொந்தக் கருவியையே பயன்படுத்த வேண்டும். பயன்படுத்திய ஊசியைக் குப்பையோடு முற்றத்தின் மூலையிற் கொட்டினால், வெறுங்காலோடு ஓடும் பிள்ளையே அதனைக் கண்டெடுக்கும். தடித்த பிளாத்திக்குப் போத்தலில் இட்டு மூடி, நிரம்பியதும் எங்கே ஒப்படைப்பது என்று வைத்தியசாலையில் கேட்டறிதல் நன்று.

இனி நோன்பிருப்போர் பற்றி. பொங்கலுக்குச் சில நாள் முன்னரே கிளினிக்கிற்குச் சென்று, அன்றைய மருந்தை எவ்வாறு மாற்றுவதென்று கேட்டு வைத்திருத்தல் வேண்டும். மானியையும் கொஞ்சம் சீனியையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். வியர்வை, கைநடுக்கம், நெஞ்சு படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை தோன்றினால் உடனே சோதிக்க வேண்டும். 70 க்குக் குறைந்தால் நோன்பு அங்கேயே முடிந்தது. மூன்று தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்துக் குடித்து, நிழலில் அமர்ந்து, பதினைந்து நிமிடத்தின் பின் மீண்டும் பார்த்தல் வேண்டும். இன்னும் தாழ்ந்திருப்பின் மறுபடியும் குடித்தல் வேண்டும். மானி கையில் இல்லையென்றாலும், எண் சரியாயிருந்தும் உடல் தளர்ந்து நடுங்குகிறதென்றாலும், காத்திராமற் சீனியைக் கொடுப்பதே தக்கது. மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சு வரவழைக்க வேண்டும். வெயிலில் நீர்வறண்டு களைத்தவரின் விரல்நுனிக் குருதி பிழையான விடை தரக்கூடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். மானியில் எண்ணுக்குப் பதிலாக ‘ஹை’ என்ற ஆங்கிலச் சொல் தோன்றினால், அது வணக்கம் சொல்வதன்று. அளக்கும் எல்லையையும் கடந்து, பெரும்பாலும் 600 க்கு மேல், சீனி ஏறியுள்ளது என்று பொருள். கை கழுவி மீண்டும் பார்த்தும் அதுவே தோன்றினால் வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டியதுதான்.

குத்தாமலே சீனியைச் சொல்லும் என்று விளம்பரப்படுத்தும் கைக்கடிகாரங்களும் மோதிரங்களும் இப்போது விலைக்கு வருகின்றன. அத்தகைய எதற்கும் தாம் அங்கீகாரம் அளிக்கவில்லையென்று அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2024 இல் எச்சரித்தது. அவற்றிற் செலவிடும் பணம் பல குப்பிக் கீலங்களுக்குப் போதும்.

கீலம் விலையுயர்ந்தது. ஆகவே நினைத்தபோதெல்லாம் குத்துவதினும், ஒருநாள் காலையுணவுக்கு முன்னும் இரண்டு மணிநேரத்தின் பின்னும், வேறொருநாள் இரவுணவுக்கு முன்னும் பின்னும் எனச் சோடியாகப் பார்ப்பது மிகுந்த பயன் தரும். குரக்கன் பிட்டு நல்லதென்று வயிறார உண்டவரின் சீனி எவ்வளவு ஏறியது என்பதை அச்சோடி எண்களே காட்டிக்கொடுக்கும். எண், நேரம், உண்டது, ஏற்றிய மருந்து ஆகிய நான்கையும் கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். கிளினிக்கில் வெறுவயிற்றில் நாளத்திலிருந்து குருதி எடுக்கும் நாளில் மானியையும் கொண்டுசென்று, அதே வேளையில் விரலிலும் ஒருமுறை பார்த்து எழுதிக்கொண்டால், ஆய்வுகூட விடை வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்து வீட்டு மானி எவ்வளவு விலகுகிறதென்று கண்டுகொள்ளலாம்.