பிள்ளை அடிக்கடி ஒன்றுக்குப் போகிறதா?

(நமது அறக்கட்டளையின் தாய் சேய் நலக் கூட்டத்தில் குழந்தை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



"தொழப் போகிற நேரம் பார்த்து மடியை நனைத்துவிடுகிறான் டாக்டர். ஏதாவது குறையா?" என்று ஓர் உம்மா கேட்டார். மூன்று மாதப் பிள்ளை. ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைகிறது என்று கேட்டேன். பன்னிரண்டு, பதினைந்து இருக்கும் என்றார். நிம்மதியாக வீட்டுக்குப் போங்கள் என்றேன்.

கைக்குழந்தையின் சிறுநீர்ப்பை மிகச் சிறியது. நிறைந்ததும் தானாகவே இறங்கிவிடும்; அடக்கத் தெரியாது. சாப்பாடும் பால்தான், அதாவது தண்ணீர்தான். மணிக்கு ஒரு தடவை போனாலும் இயல்பே. உண்மையில் நீங்கள் பயப்பட வேண்டியது குறைவாகப் போனால்தான். பிறந்து ஐந்தாறு நாள் ஆன பிறகு, ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைய வேண்டும். நனையாமல், சிறுநீர் அடர் மஞ்சளாகி, பிள்ளை சோர்ந்து கிடந்தால் பால் போதவில்லை என்று பொருள். உடனே காட்டுங்கள். ஆறு மாதம் வரை தண்ணீரோ சர்க்கரைத் தண்ணீரோ வேண்டாம்.

ஆண் குழந்தைக்கு வேகமாகப் பீய்ச்சாமல் எப்போதும் சொட்டுச் சொட்டாகவே வந்தால், அது வேறு சங்கதி. பாதையில் அடைப்பு இருக்கலாம்.

வளர வளரப் பை பெரிதாகும். நான்கு வயதில் ஏறத்தாழ 180 மில்லி கொள்ளும். அந்த வயதுப் பிள்ளை திடீரென்று கால் மணிக்கு ஒரு தடவை ஓடத் தொடங்கும். போனால் நாலு சொட்டு. எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, இரவில் நன்றாகத் தூங்கும். புதிதாகப் பள்ளிக்கூடம், வீட்டில் தம்பி பிறந்தது, பெத்தும்மா மௌத்தானது என்று ஏதோ ஒன்று மனதில் இருக்கும். சோதனையில் குறை ஒன்றும் இல்லையென்றால் சில வாரங்களில், சில மாதங்களில் தானே சரியாகும். அதுவரை திட்டாதீர்கள். மதரஸா உஸ்தாதிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், எழுந்து போக விடட்டும்.

மலச்சிக்கலை யாரும் நினைப்பதில்லை. இறுகிய மலம் சிறுநீர்ப்பையை நெருக்கும். பிள்ளை அடிக்கடி ஓடும். வயிறு இளகினால் பாதிப் பிள்ளைகளுக்கு மருந்தே தேவைப்படாது என்பது என் அனுபவம்.

எரிச்சல், நாற்றம், அடிவயிற்று வலி, காய்ச்சல் இருந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். நாம் இதைச் சூடு என்று சொல்லி இளநீரும் சீரகத் தண்ணீரும் கொடுத்துக்கொண்டிருப்போம். கொடுங்கள், தவறில்லை, சிறுநீர்ப் பரிசோதனையையும் செய்யுங்கள். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் மட்டுமே அடையாளமாக இருக்கும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அண்ணனுக்கு வாங்கி மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக் சிரப்பை ஊற்றவும் வேண்டாம். பெண் பிள்ளைகளை முன்னிருந்து பின்னாகக் கழுவப் பழக்குங்கள்.

இன்று நான் வந்ததே இனிச் சொல்வதற்காகத்தான். ஏழு வயதுப் பையன். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தான், ஒவ்வொரு தடவையும் நிறையப் போனான், ராத்திரியும் எழுந்தான். எப்போதோ நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வந்தது. சட்டை தொளதொளத்தது. வெயில் காலம் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். சர்க்கரையாக இருக்குமோ என்று வாப்பா கேட்டதற்கு, "பச்சைப் பிள்ளைக்கு எங்கே சர்க்கரை வரும்?" என்று பெரியவர்கள் அடக்கிவிட்டார்கள். வாந்தியும் மேல்மூச்சுமாக என்னிடம் தூக்கி வந்தபோது அவனுக்கு நினைவு தப்பியிருந்தது. அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்தான். இன்று இன்சுலின் போட்டுக்கொண்டு பந்து விளையாடுகிறான். இரண்டு வாரம் முன்பு விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போயிருக்கவே மாட்டான்.

தாகம், நிறைய சிறுநீர், எடை குறைவு: மூன்றும் சேர்ந்தால் அன்றைக்கே சர்க்கரை பாருங்கள். கழிப்பறையில் எறும்பு மொய்த்தாலும் அப்படியே. தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதீர்கள். தாகம் உடம்பு கேட்பது.

ஒரு சகோதரி சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்: நாலு வயது மகள் ராத்திரியில் பாயை நனைக்கிறாளாம். பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்றால் ஐந்து வயது வரை கவலையே வேண்டாம். ஆறு மாதம் நனைக்காமல் இருந்து மறுபடி தொடங்கியிருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.