கல் சுமந்த தோள்



நாடகக்காரனுக்கு நாட்டைப் பற்றிய கவலை ஏன் என்று கேட்போர் உண்டு. வியத்நாமியர் ஒருவரின் வாழ்வையே அதற்கு விடையாகத் தருகிறேன். நுயென் ஹுய் துவோங் அவர் பெயர். ஹனாயை அடுத்த சிற்றூரில் 1912இல் பிறந்தார். 1960இல், 48ஆம் வயதில் மறைந்தார்.

பிரெஞ்சு ஆதிக்கத்தின் கீழ் வியத்நாம் விம்மிய 1941இல் அவர் எழுதிய நாடகம் 'வூ ஞூ தோ'. கதை நடப்பது 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். மன்னனுக்குக் கேளிக்கை மாடம் வேண்டும், ஒன்பது நிலைகளோடு! கொடுங்கோலனுக்குக் கட்டமாட்டேன் என மறுத்த சிற்பி, நாட்டுக்கு அழியா அழகொன்றை விட்டுச் செல்லும் ஆசையால் இணங்கினான். மாடம் உயர்ந்தது, வரியும் உயர்ந்தது. கல் சுமந்தவன் வாடினான், கலகம் மூண்டது. மன்னன் மாண்டான், மாடம் எரிந்தது, சிற்பியும் கொல்லப்பட்டான்.

நியாயம் எவர் பக்கம்? தமக்குத் தெரியவில்லை என்று முன்னுரையில் எழுதினார் ஆசிரியர். மழுப்பலா அது? அன்று! கலையையும் நேசித்தார், மக்களையும் நேசித்தார். இரண்டும் மோதியபோது நெஞ்சு துடித்தார்.

துடித்தவர் தேங்கி நிற்கவில்லை. 1943இல் தலைமறைவாக இயங்கிய தேசமீட்புப் பண்பாட்டுச் சங்கத்தில் சேர்ந்தார். 1945 ஆகஸ்டில் புரட்சி வென்றது. மறு ஆண்டே ஹனாய் அரங்கில் ஏறியது அவருடைய 'பாக் சோன்' நாடகம். 1940இல் பாக் சோன் மலைநாட்டில் மூண்ட எழுச்சியே அதன் களம்.

அதில் அரசன் இல்லை, அரண்மனை இல்லை. தோம் என்றொரு பெண். தந்தையையும் தம்பியையும் எழுச்சியில் இழந்தவள். கணவனோ பிரெஞ்சுக்காரனின் கைக்கூலி! துரத்தப்பட்ட போராளிகள் இருவர் வீட்டினுள் நுழைந்தபோது, கணவன் கண்ணில் மண்ணைத் தூவி, தன் அறையிலேயே மறைத்துக் காத்தாள். பின்னர், எதிரிப் படைக்கு அவன் வழிகாட்டப் போவதை அறிந்து, காடு கடந்து எச்சரிக்கச் சென்றாள். அவன் குண்டுக்கே பலியானாள். மன்னனின் மாடத்துக்குக் கல் சுமந்த மக்கள், இந்நாடகத்தில் மேடையின் நடுவிடத்துக்கே வந்துவிட்டனர். ஐந்தாண்டுக்கு முன் எழுப்பிய கேள்விக்கு அவர் கண்ட விடை அது!

1957இல் தொடங்கிய கிம் தோங் சிறுவர் பதிப்பகத்துக்கு அவரே முதல் இயக்குநர். விடுதலைப் பணியில் உயிர்நீத்த சிறுவனின் பெயர் அது. 1946இல் ஹனாய் நடத்திய எதிர்ப்புப் போரைப் பெருநாவலாக எழுதத் தொடங்கினார். முற்றுப்பெறுமுன் மரணம் முந்திக்கொண்டது. எழுதிய பகுதி 1961இல் நூலாயிற்று. 1996இல் ஹோ சி மின் பரிசு அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

எழுதுகோல் ஏந்தும் தோழரே! அழகாக எழுதுக, குறையில்லை. ஆனால் எழுதுமுன், கல் சுமக்கும் தோள் எவருடையது என்று ஒருமுறை எண்ணிப் பார்த்திடுக!