கதை நூலும் திரைப்படமும்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கதை நூல்களையும் அவற்றினின்று தோன்றிய திரைப்படங்களையும் ஒப்புநோக்கிச் சிறிது நேரம் பேசுமாறு எம்மைப் பணித்திருக்கிறீர்கள். இது வெறும் பொழுதுபோக்கிற்குரிய விஷயமென்று சிலர் கருதலாம். இன்று நம் சங்கத்தின் முன்னுள்ள பிரேரணையை அறிந்தவர்கள் அங்ஙனம் கருதமாட்டார்கள். நம் வாசகசாலையில் இரண்டு அலமாரிகள் நிறையக் கதை நூல்கள் இருக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை கடையில் வாங்கியவை அல்ல. நம் குடும்பங்களைச் சேர்ந்த பெண்மணிகள், பத்திரிகைகளில் வாரந்தோறும் வந்த தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, வரிசைப்படுத்தி, ஊசி நூலால் தைத்து, பின்னர்ப் பைண்டு செய்வித்துப் பாதுகாத்தவை. அவர்கள் காலத்திற்குப் பிறகு அவர்தம் மக்கள் சங்கத்திற்கு அளித்தவை. இவற்றை எடைக்குப் போட்டுவிட்டு, அவ்விடத்தில் ஒரு திரையும் படங்காட்டுங் கருவியும் அமைக்கலாம் என்பதே பிரேரணை. "அக்கதைகளெல்லாம் படமாக வந்துவிட்டன, இனி நூல் எதற்கு?" என்பது அதற்குக் கூறப்படும் காரணம்.

ஒன்றை மறைக்காமற் சொல்லிவிடுகிறோம். அப்பிரேரணைக் காகிதத்தில் எமது கையொப்பமும் உண்டு. இடநெருக்கடியைக் கண்டும், இளைஞர்கள் அவ்வலமாரியின் பக்கம் திரும்பாமையைக் கண்டும் யாமும் இசைந்தோம். பின்னர் நூல்களை எண்ணிக் கணக்கிடும் வேலை எம்மிடமே ஒப்படைக்கப்பட்டது. எண்ணுங்கால் ஒரு தொகுதியைத் திறந்தோம். அது 'பொன்னியின் செல்வன்'. ஓர் அத்தியாயத்தின் ஓரத்தில் பென்சிலால் பால் கணக்கு எழுதப்பட்டிருந்தது. பிறிதோரிடத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட தேதி குறிக்கப்பட்டிருந்தது. அத்தியாயத்தின் முடிவில், "இனி ஏழு நாள்" என்று மூன்றே சொற்கள். அடுத்த இதழ் வரும்வரை காத்திருந்த ஒரு தாயின் பெருமூச்சு அது. எம் எண்ணிக்கை அவ்விடத்தில் நின்றுவிட்டது. சில நூல்களை வீட்டிற்கு எடுத்துச் சென்று படித்தோம்; அவற்றின் படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். படம் நூலின் இடத்தை உண்மையில் நிரப்புகிறதா என்று சோதித்ததன் பயனையே இங்குச் சமர்ப்பிக்கிறோம்.

முதலில் துப்பறியும் கதையை எடுத்துக்கொள்வோம். வடுவூர் துரைசாமி ஐயங்கார் இவ்வகையில் பெரும் புகழ் பெற்றவர். அவருடைய 'மேனகா' நாடக மேடையில் ஏறிப் பின் 1935ஆம் வருஷம் படமாயிற்று. 'திகம்பர சாமியார்' 1950ஆம் வருஷம் மாடர்ன் தியேட்டர்ஸாரால் எடுக்கப்பட்டது, அதில் எம். என். நம்பியார் பல்வேறு வேஷங்கள் புனைந்து நடித்தார். துப்பறியும் நூலின் சுவை மறைப்பதில் இருக்கிறது. வந்தவர் யார் என்று ஆசிரியர் சொல்லாத வரையில் நமக்குத் தெரியாது. படத்திலோ முகம் தெரிந்துவிடுகிறது. எத்தனை வேஷம் போட்டாலும், "இதோ நம்பியார்!" என்று நாம் கண்டுகொள்கிறோம். ஆகவே நூலில் 'யார் இவர்?' என்று திகைத்த நாம், படத்தில் 'எவ்வளவு திறமையாக நடிக்கிறார்!' என்று வியக்கிறோம். திகைப்பு வேறு, வியப்பு வேறு. இரண்டும் நல்லனவே, ஒன்று மற்றொன்றாகாது.

அடுத்து வீரசாகசக் கதை. நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை எழுதிய 'மலைக்கள்ளன்' 1954ஆம் வருஷம் பட்சிராஜா ஸ்டூடியோவின் ஸ்ரீராமுலு நாயுடுவால் படமாக்கப்பட்டது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தனர். வசனம் எழுதியவர் மு. கருணாநிதி. தமிழ்ப் படங்களுள் ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கத்தை முதலிற் பெற்றது இதுவே. தெலுங்கு, மலையாளம், கன்னடம், ஹிந்தி, சிங்களம் ஆகிய மொழிகளிலும் இக்கதை படமாயிற்று. ஹிந்தியில் 1955ஆம் வருஷம் வந்த 'ஆஸாத்' என்ற படத்தில் திலீப் குமார் நடித்தார். தமிழ்க் கவிஞர் ஒருவரின் கற்பனை இத்தனை மொழியினரைச் சென்றடைந்தது படத்தால் அன்றோ? குதிரையின் ஓட்டத்தையும் மலைச்சாரலையும் கண்முன் நிறுத்துவதில் படம் வல்லது. இவ்வகையில் படத்திற்கே முதன்மை அளிப்பதில் எமக்குத் தயக்கமில்லை.

மூன்றாவது, கலைஞர் வாழ்வைப் பற்றிய கதை. கொத்தமங்கலம் சுப்பு, 'கலைமணி' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' 1968ஆம் வருஷம் ஏ. பி. நாகராஜனால் படமாக்கப்பட்டது. நூலாசிரியர் எத்துணைச் சொல்வன்மை உடையவராயினும், நாதஸ்வரத்தின் ஒலியைக் காகிதத்தில் எழுப்ப இயலாது. "கூட்டம் மெய்ம்மறந்தது" என்று எழுதத்தான் இயலும். படத்திலோ மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு நம் செவியில் நேரே புகுகிறது; சிவாஜி கணேசனின் கன்னமும் கண்ணும் அவ்வாசிப்பைத் தமதாக்கிக்கொள்கின்றன. பத்மினியின் சதங்கையொலி அதற்கு விடை கூறுகிறது. இங்கும் வெற்றி படத்திற்கே என்போம். ஆயினும் நூல் மிக நீண்டது. ஊர் ஊராகச் செல்லும் மேளக்காரர் கூட்டத்தின் பேச்சு, பிணக்கு, வழிப்பயணம், சத்திரத்துச் சாப்பாடு ஆகியவற்றில் அது நின்று நிதானித்து நடக்கிறது. மூன்று மணிப் படத்தில் அத்தனைக்கும் இடமில்லை. கோபுலு வரைந்த சித்திரங்களோடு நம் அலமாரியில் இருக்கும் தொகுதியில் அவ்வுலகம் முழுமையாக வாழ்கிறது.

நான்காவது, குடும்பத் துயரத்தைக் கூறும் கதை. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' அளவிற் சிறியது. அதனின்று ஊக்கம் பெற்று மகேந்திரன் 1979ஆம் வருஷம் எடுத்த படம் 'உதிரிப்பூக்கள்'. கதையை அவர் அப்படியே எடுக்கவில்லை. தாயற்ற குழந்தைகளின் நிலையை விதையாகக் கொண்டு, தம் மனத்தில் வேறொரு மரம் வளர்த்தார். அப்படத்தைப் பார்த்தவர், 'சிற்றன்னையைப் படித்துவிட்டோம்' என்று கூற முடியாது. 'சிற்றன்னை'யைப் படித்தவர் அப்படத்தைப் பார்த்ததாகவும் கூற முடியாது. பெரிய நூலைச் சுருக்கினாலன்றிப் படமாகாது என்போர்க்கு, சிறிய நூலே படத்திற்கு அதிக இடந்தரும் என்பதை இது காட்டுகிறது.

ஐந்தாவது, சரித்திரக் கதை. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் மணியம் அவர்களின் சித்திரங்களுடன் வெளிவந்தது; ஐந்து பாகங்கள் கொண்டது. எம்.ஜி.ஆர். இதைப் படமாக்க முயன்றார், அது நிறைவேறவில்லை. மணிரத்னம் 2022, 2023 ஆகிய இரு வருஷங்களில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். இரண்டுஞ் சேர்ந்து ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். இவ்வளவு பெரிய கதையை அத்துணைச் சிறிய பாத்திரத்தில் முகந்தெடுத்தது அருஞ்செயலே. ஆனால் முகக்கும்போது சிந்தியது யாது என்று பார்க்க வேண்டும். நூலில் பூத்தொடுத்துக் கோயிற்றொண்டு புரியும் சேந்தன் அமுதன் என்ற எளிய இளைஞனே செம்பியன் மாதேவியின் உண்மைப் புதல்வன் என்று இறுதியில் வெளிப்பட்டு, அவனுக்கே மகுடம் சூட்டப்படுகிறது. படத்தில் இத்திருப்பம் இல்லை. மகுடம் மதுராந்தகனுக்குச் செல்கிறது. கந்தமாறனின் தங்கை மணிமேகலையும், வந்தியத்தேவன்மேல் அவள் கொண்ட பேதைக் காதலும் படத்தில் இல்லை. அரச குலத்தினரின் கதையாகப் படம் விளங்குகிறது. எளியவர்கள் குறுக்கிட்டுக் குறுக்கிட்டுச் செல்லும் கதையாக நூல் விளங்குகிறது. பால் கணக்கு எழுதிய அத்தாய் எவ்விடத்தில் "இனி ஏழு நாள்" என்று எழுதினாள் தெரியுமா? சேந்தன் அமுதன் துன்புறும் ஓர் அத்தியாயத்தின் முடிவில். படத்தை மட்டும் பார்த்த அவளுடைய பேரப்பிள்ளைகளுக்கு, பாட்டி யாருக்காக வருந்தினாள் என்பதே விளங்காது.

கடைசியாக ஒன்று. கல்கியின் 'தியாகபூமி' நூலும் படமும் இரட்டைப் பிள்ளைகளெனப் பிறந்தன. 1939ஆம் வருஷம் ஆனந்த விகடனில் கதை வெளிவந்தபோது, சித்திரங்களுக்குப் பதிலாகக் கே. சுப்பிரமணியம் எடுத்த படத்தின் காட்சிகளே அச்சிடப்பட்டன. பாபநாசம் சிவன் சம்பு சாஸ்திரியாகவும், எஸ். டி. சுப்புலக்ஷ்மி சாவித்திரியாகவும் நடித்தனர். கைவிட்ட கணவன் வழக்காடி அழைத்தும், உடன் சென்று வாழ மறுக்கும் பெண்ணை அக்காலத்திலேயே அக்கதை நீதிமன்றத்தில் நிறுத்தியது. தேசபக்தி ததும்பிய அப்படத்தை 1940ஆம் வருஷம் அந்நிய அரசாங்கம் தடைசெய்தது. கொட்டகைகளில் படம் நின்றது. ஆனால் வீடுகளில் தைத்து வைத்திருந்த பக்கங்களை யார் தடுக்க முடியும்? படம் வாய்மூடியிருந்த நாட்களிலும் கதை பேசிக்கொண்டிருந்தது.

இதினின்று ஒரு பேருண்மை பெறப்படுகிறது. படமும் அழியும் பொருளே. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931ஆம் வருஷம் வெளிவந்தது. இன்று பார்க்க அதன் சுருள் இல்லை. பழைய படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றுபவை. பற்றாவிடினும் தாமே நைந்து போனவை பல. இக்காலத்தில் இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே என்பீர்கள். உரிமம் முடிந்ததும் அங்கிருந்தும் படங்கள் நீக்கப்படுகின்றன. நேற்றுப் பார்த்ததை இன்று தேடினால் காணோம். நமது அலமாரியிலுள்ள நூலை நம்மையன்றி வேறொருவர் நீக்க முடியாது. நீக்குவதாயின் நாமே நீக்கினால்தான் உண்டு. இப்பிரேரணை அதைத்தான் செய்யச் சொல்கிறது.

"கல்கியின் எழுத்துக்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன, மலிவுப் பதிப்புகள் எங்கும் கிடைக்கின்றன, பழைய பைண்டுகளை ஏன் காக்க வேண்டும்?" என்று ஓர் அங்கத்தினர் எம்மிடம் வினவினார். நல்ல வினாவே. கதை மட்டும் வேண்டுமாயின் மலிவுப் பதிப்புப் போதும். அக்காலத்து விளம்பரங்கள், நம் வீட்டுப் பெண்களின் தையல், அவர்தம் பென்சிற் குறிப்புகள் ஆகிய இவற்றை எந்தப் பதிப்பாளரும் மறுபடி அச்சிடப்போவதில்லை. நம் முன்னோரைப் பற்றி எழுதிவைத்தவை பெரும்பாலும் ஆண்மக்களின் பெயர்களே. நம் தாய்மார்கள் எதைப் படித்து எங்கே கண் கலங்கினார்கள் என்பதற்கு இவ்விரண்டு அலமாரிகளை விட்டால் நம்மிடம் வேறு சாசனம் இல்லை.

இவ்வளவு கூறியதால் திரையை வேண்டாமென்கிறோம் என்று எண்ணற்க. கண்பார்வை மங்கிய முதியோருக்கும், எழுத்தறியும் வாய்ப்பற்றுப்போன மூதாட்டியருக்கும் படம் செய்யும் உபகாரம் பெரிது. எம் வீட்டில் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தை யாம் பார்த்த இரவில், பல வருஷங்களாக ஒன்றும் படிக்க இயலாதிருந்த எம் அத்தை சுவரோரமாக வந்து அமர்ந்தார். சிறிது நேரத்தில், படத்தில் இல்லாத பகுதிகளை அவரே எமக்குச் சொல்லத் தொடங்கினார். படம் விட்டதை நூல் அவர் நெஞ்சில் வைத்திருந்தது. நூல் வைத்திருந்ததைப் படம் வெளியே கொணர்ந்தது. படமும் நூலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அன்று அவரிடம் கற்றோம்.

ஆகையால் எம் கையொப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அதற்கு ஈடாக மூன்று யோசனைகளைச் சபையின் முன் வைக்கிறோம். முதலாவது, அலமாரிகள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். செல்லரித்த பைண்டுகளைப் பழுது பார்ப்போம். எந்தத் தொகுதி எந்தக் குடும்பத்தினின்று வந்தது என்று ஒரு ஜாபிதா எழுதுவோம். இரண்டாவது, திரையைக் கூடத்தின் எதிர்ச் சுவரில் மாட்டுவோம்; அங்கு இப்போது தொங்குபவை பழைய நாட்காட்டிகளே. மூன்றாவது, மாதம் ஒரு கதையைத் தெரிந்துகொண்டு, முதல் ஞாயிறுகளில் அதன் சில அத்தியாயங்களை இளைஞர் ஒருவர் உரக்கப் படிக்க, கடைசி ஞாயிற்றில் படத்தைக் காண்போம். பிறகு, படம் எதைச் சேர்த்தது, எதை விட்டது என்று பெரியோரும் சிறியோரும் கூடிப் பேசுவோம். உரக்கப் படிப்பவர் இளைஞராகவும், விட்டதைச் சொல்பவர் பாட்டியாகவும் இருப்பின் மிக நன்று.

முதற் கதையாகப் 'பொன்னியின் செல்வ'னை எடுத்துக்கொள்ளலாம். அப்பென்சிற் குறிப்பு யார் எழுதியது என்று எமக்குத் தெரியவில்லை. இச்சபையிலுள்ள எவரேனும் அக்கையெழுத்தை அறிந்து, "இது என் தாயினுடையது" என்று கூறுவாராயின், எம் உழைப்பிற்கு அதுவே தக்க கைம்மாறு. தொகுதி இதோ மேஜைமீது இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அனைவரும் வந்து பார்க்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.