பள்ளிவாயிலுக்கு வந்த மருத்துவம்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பிழைப்பை நாடிப் பெங்களூரில் குடியேறிய நம் குடும்பங்களுக்கு நோய் என்பது இரட்டைச் செலவு. மருந்துக்குக் காசு ஒன்று. மருத்துவமனையில் காத்து நிற்கும் நாளில் இழக்கும் கூலி மற்றொன்று. ஆகையால், குழந்தை படுத்த படுக்கையாகும் வரையில் நாம் மருத்துவரை நாடுவதில்லை. பார்வைக் குறைவும் சோகையுமோ படுக்கையில் தள்ளாமல் ஓசையின்றி வளர்பவை. அவற்றைக் கண்டறிய ஏற்ற இடம், பிள்ளைகள் நாள்தோறும் கூடும் ஆரம்பப் பள்ளியே.

நியூயார்க் நகரில், பிழைக்க வந்த ஏழைகள் நிறைந்த பகுதியின் பள்ளிகளுக்கு 1902 அக்டோபரில் லினா ரோஜர்ஸ் என்ற செவிலியர் அனுப்பப்பெற்றார். அதுவரை, நோய் கண்ட பிள்ளையை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதே வழக்கம். அவரும் அவர்பின் வந்த செவிலியரும் சிறு நோய்களுக்குப் பள்ளியிலேயே மருந்திட்டனர். வீடுதோறும் சென்று அன்னையர்க்கு எடுத்துரைத்தனர். 1902 செப்டம்பரில் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் 10,567. 1903 செப்டம்பரில் 1,101.

நம் நாட்டில் 1909-இல் பரோடா நகரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை தொடங்கிற்று. 2013-இல் மத்திய அரசு தொடங்கிய ‘ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம்’ என்னும் திட்டம், அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் ஆண்டுக்கொரு முறை மருத்துவக் குழுவை அனுப்ப வகை செய்கிறது. பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைக் குழு ஆராய்கிறது. மேற்சிகிச்சை வேண்டுமெனின் சீட்டு எழுதித் தருகிறது, அச்சிகிச்சையும் இலவசமே.

ஆயினும், சீட்டு சிகிச்சையாகிவிடாது. நம் குடியிருப்பில் ஒரு சிறுமி, கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் ஏட்டைப் பார்த்து எழுதி வந்தாள். படிப்பில் கருத்தில்லாதவள் என்று நாமே அவளைக் கடிந்துகொண்டோம். கண் மருத்துவரிடம் காட்டுமாறு பள்ளியில் தந்த சீட்டோ, கன்னடத்தில் இருந்தமையால், ஓராண்டு காலம் படிப்பாரின்றிப் புத்தகத்திற்குள்ளேயே கிடந்தது. மருத்துவம் வாயில் வரை வந்தது. கதவைத் திறவாதவர் நாமே.

எனவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். மருத்துவக் குழு வரும் நாளை ஆசிரியரிடம் கேட்டறிந்து, தாயோ தந்தையோ பள்ளிக்குச் செல்ல வேண்டும். கன்னடம் கற்ற நம் இளைஞர்கள், மாலை வேளையில் சங்கத்தில் அமர்ந்து, அச்சீட்டுகளைப் படித்துச் சொல்ல வேண்டும். கூலியை விட இயலாத வீட்டுப் பிள்ளையை, பெற்றோர் இசைவுடன், ஓய்வு பெற்ற பெரியோர் ஒருவர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

இதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. அரை நாள் பொழுது போதும். அச்சிறுமி இன்று கண்ணாடி அணிந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறாள். அவள் இழந்த ஓராண்டை நம்மால் திருப்பித் தர இயலாது. இன்னொரு பிள்ளை அவ்வாறு இழவாமல் காப்பது நம் கடமை என்று கூறி அமைகிறோம்.