நெருஞ்சிலும் நேர்மையும்



நெருஞ்சில் நம் மண்ணின் செடி. ஞாயிற்றை நோக்கித் திரும்பும் அதன் பொன்னிறப் பூவைக் கழகப் பாடல்களிலேயே காண்கின்றோம். நீரடைப்புக்கும் கல்லடைப்புக்கும் நம் சித்தர் மருத்துவம் அதனை மருந்தாகக் கொண்டது. இன்றோ, 'கோட்சுரா' என வடமொழிப் பெயர் சூட்டி, ஆண்மைச் சுரப்புநீரைப் பெருக்கும் வில்லையென விற்கின்றனர். பெயரைப் பறிகொடுத்தோம், பொய்யை விலைகொடுத்து வாங்குகின்றோம்!

இக்கூற்று எங்கிருந்து வந்தது? 1980களில் பல்கேரிய நாட்டார் நெருஞ்சிலிலிருந்து வடித்த மருந்தை ஒட்டியே அது பரவியது. ஆனால், அந்நாட்டு ஆய்வாளரே 2005-இல் அதனை ஆய்ந்து பார்த்தனர். 20 முதல் 36 அகவை வரையுள்ள 21 நலமிக்க ஆடவர் அவ்வாய்வில் பங்கேற்றனர். உடலெடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 அல்லது 20 மில்லிகிராம் வீதம் 4 கிழமை கொடுத்தும், குருதியில் அச்சுரப்புநீர் கூடவில்லை. 2007-இல் ஆத்திரேலியப் பந்தாட்ட வீரர் 22 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு நாள்தோறும் 450 மில்லிகிராம் நெருஞ்சில் வடிப்பும், மற்றவர்க்கு வெற்று வில்லையும் 5 கிழமை கொடுத்தனர். இரு பிரிவினரும் பயிற்சியால் வலிமை பெற்றனர். நெருஞ்சில் உண்டவர் கூடுதலாக ஒன்றும் பெற்றிலர்.

மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. ஆண்மைக் குறைவுற்ற 180 பேரிடம் 12 கிழமை நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், நெருஞ்சில் உண்டவர்க்கு வேட்கையும் நிறைவும் ஓரளவு மேம்பட்டன. எனவே செடி பயனற்றதன்று. அதன்மேல் ஏற்றிய கூற்றே பொய். வேட்கை வேறு, சுரப்புநீர் வேறு.

இதில் நமக்கென்ன என்பீரோ? ஆண்மைக் குறைவு நீரிழிவின் அறிகுறியாகலாம்; நெஞ்சக் குழாய் நோயின் முன்னறிவிப்பாகலாம். வெட்கத்தால் வாய்மூடி, வில்லையை விழுங்கியே காலங்கடத்தும் உடன்பிறப்பு இழப்பது பணத்தை மட்டுமன்று, உயிரையும் இழக்கக்கூடும். முதலில் குருதியை ஆய்ந்தறிக. மருத்துவரிடம் மறைக்காது சொல்லுக.

எவர் சொல்லினும் உண்மையைத் தேர்ந்து கொள்வதே வள்ளுவர் வழி. நம்மவர் சொன்னார் என்பதற்காகப் பொய்யைத் தாங்கினால், பகைவர் நம் மெய்யையும் எள்ளுவர். நெருஞ்சிலை நெருஞ்சில் என்றே அழைப்போம். அதன் பயனையும் உள்ளவாறே உரைப்போம். நம் மருத்துவத்தை நாமே ஆய்ந்து நிறுவுவோம். அதுவே தமிழ்த்தொண்டு!

வெல்க தமிழ்!